நலமாயிருக்கும் நாளிலே

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கேகாலையைக் கடந்து, கடுகண்ணாவை மலையேற்றத்தை அடையுமுன் வருவது மாவனல்லை நகர். மகா ஓயா அதனை ஒட்டி ஓடுகின்றது. நகரிலும், ஹெம்மாத்தகமை முதலிய அயலூர்களிலும், தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். சுற்றிலுமுள்ள மலைச்சரிவுகளில் இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் உண்டு. அவற்றின் லயன் வீடுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. இக்குடும்பங்களின் பெண்கள் பெரும்பாலாருக்கு வைத்தியசாலையின் வழி நன்கு தெரியும். கருவுற்ற நாளில் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில், இடுப்பில் பிள்ளையும் கையில் குடையுமாகப் போயிருக்கிறார்கள். ஆனால், தங்களுக்காகவே, தங்கள் உடல் நலத்தின் பொருட்டாகவே, போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விடை சொல்லப் பலரும் தயங்குவர். அத்தயக்கத்தைப் பற்றியதே இப்பேச்சு.

ஒரு தாயை மனத்தில் கொள்க. வயது முப்பத்தைந்து. இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழில். மூன்று பிள்ளைகள்; மூத்தவள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு நாள் பிற்பகல், குடும்ப நல உத்தியோகத்தர் லயத்துக்கு வருகிறார். தோட்டத்தில் அவரை அப்பதவிப் பெயரால் எவரும் அழைப்பதில்லை. எல்லாருக்கும் அவர் 'மிஸ்'தான். அவர் ஒரு சீட்டைக் கொடுத்து, "அக்கா, இந்தத் திகதியில் கிளினிக்குக்கு வாருங்கள்" என்கிறார்.

"எனக்கு ஒரு நோவும் இல்லையே, மிஸ். இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?"

"மருந்து தருவதற்கு அழைக்கவில்லை. நோய் இல்லையென்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அழைக்கிறோம்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுக்கிறார்: "நோயில்லாதவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?"

இவ்வுரையாடல் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இதற்குள்ளே அறியாமை மட்டும் இல்லை. ஒரு பழைய வழக்கமும் இருக்கிறது. இலங்கையில் பெண்களுக்கான மருத்துவம் தாய்மையிலிருந்தே தொடங்கிற்று. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் கொழும்பில் பிரசவ மருத்துவமனை எழுந்தது 1879-ஆம் ஆண்டில். களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது 1926-ஆம் ஆண்டில். வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் காணும் முறை அவ்வழியே நாடெங்கும் பரவியது. அதன் பயன் சிறியதன்று. 1940-களின் நடுப்பகுதியில், ஓர் இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை சுமார் முப்பதளவுக்கு இறங்கியுள்ளது. இதனைச் செய்தவர்கள் பெரும்பாலும், குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்த மருத்துவிச்சிகளே.

ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. பெண் கருவுற்றிருக்கும் வரையில் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. கடைசிப் பிள்ளைக்குத் தடுப்பூசி முடிந்ததும் அப்பெயர் மறைந்தது. பிள்ளை பெறும் காலம் கடந்த பின்னர் அவளுக்கு வரும் இரத்த அழுத்தத்தையும், நீரிழிவையும், மார்பில் தோன்றும் கட்டியையும், கருப்பைக் கழுத்தில் ஓசையின்றி வளரும் புற்றையும் முன்கூட்டியே தேடிப் பார்ப்பார் இல்லை. 1994-ஆம் ஆண்டு கெய்ரோவில் மக்கள் தொகை பற்றிய உலக மாநாடு கூடியது. பெண்ணின் உடல் நலத்தைத் தாய்மையோடு மட்டும் நிறுத்தாமல் அவள் வாழ்நாள் முழுமைக்கும் உரியதாகக் கொள்ள வேண்டுமென்று அம்மாநாடு வற்புறுத்தியது. அதையடுத்து, 1996-ஆம் ஆண்டில் இலங்கைச் சுகாதாரத் திணைக்களம் சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கியது. சிங்களத்தில் இவற்றைச் 'சுவநாரி' என்பர். பெயரிலேயே பொருள் விளங்குகின்றது: இது நோயாளிப் பெண்களின் கிளினிக் அன்று, சுகமாயிருக்கும் பெண்களின் கிளினிக்.

இங்கே செய்யப்படுவது யாது? நிறையும் உயரமும் அளக்கப்படும். இரத்த அழுத்தம் பார்க்கப்படும். நீரிழிவு உண்டா என்று சோதிக்கப்படும். கழுத்தில் கழலை உண்டா, மார்பில் கட்டி உண்டா என்று கையாலே ஆராயப்படும். குடும்பத் திட்டமிடல் பற்றிக் கேட்க விரும்புவோர் கேட்கலாம். முப்பத்தைந்து வயதை அடைந்த பெண்களுக்கும், அண்மைக் காலத்தில் நாற்பத்தைந்து வயதை அடைந்தவர்களுக்கும், கருப்பைக் கழுத்துச் சோதனை முதன்மையாகச் செய்யப்படுகின்றது. இவையாவும் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம்.

ஏன் முப்பத்தைந்து வயது என்று கேட்பது நியாயமே. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதன்று. எச்.பி.வி. எனப்படும் வைரசு ஒன்று நெடுங்காலம் உடலில் தங்குவதே இதற்குக் காரணம் என்பதை நிறுவியதற்காக, ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவ்வைரசு பெரும்பாலாரின் உடலிலிருந்து தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிய சிலரில், கருப்பைக் கழுத்தின் கலங்கள் மெல்ல மெல்ல மாறுதலடைந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் புற்றாக முற்றுகின்றன. அந்த நீண்ட இடைக்காலத்தில் வலி இல்லை. உதிரப் போக்கு இல்லை. உடல் மெலிவு இல்லை. பெண் தினமும் மரத்தில் பால் வெட்டுகிறாள், வாளி சுமக்கிறாள், சமைக்கிறாள். 'எனக்கு ஒரு நோவும் இல்லை' என்று அவள் சொல்வது மெய். ஆனால், நோவு இல்லாத அந்தக் காலமே நோயை முளையிலே கிள்ளுவதற்கு உரிய காலம். நோவு தோன்றிய பின்னர் செல்வோருக்கும் சிகிச்சை உண்டு. எனினும் அது கடினமானது, நீண்டது, சிலருக்குக் காலங்கடந்ததும் ஆகும்.

மாறிய கலங்களை முன்னரே கண்டுபிடிக்கலாம் என்று காட்டியவர் ஜோர்ஜ் பப்பனிக்கலோ என்னும் மருத்துவர். கிரேக்க நாட்டிலே பிறந்து, அமெரிக்காவுக்குக் குடியேறியவர். அவருடைய பெயரின் முதற் பகுதியே 'பாப்' சோதனை என்னும் பெயரில் நிற்கின்றது. அவர் ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் தம் உடலிலிருந்தே மாதிரி எடுக்க இணங்கியவர் அவர் மனைவியாராகிய அன்ட்ரோமக்கி அம்மையார். உலகெங்கும் எண்ணற்ற பெண்களின் உயிரைக் காத்த ஒரு சோதனை, நலமாயிருந்த ஒரு பெண் நாணத்தை ஒதுக்கிவைத்ததனால் உருப்பெற்றது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, கிளினிக்குக்குச் செல்லுமுன் பெண்கள் கேட்கும் கேள்விகள் சில. கூச்சத்தால் பலர் இவற்றை வாய்விட்டுக் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லும் விடையோடு நின்றுவிடுகிறார்கள்.

எப்போது போகலாம்? மாதவிலக்கு நாட்களில் இச்சோதனை செய்வதில்லை. விலக்குத் தொடங்கிய நாளிலிருந்து பத்து நாட்கள் கழிந்த பின்னர் வருவது நன்று. சோதனைக்கு முந்திய இரண்டு நாட்களும் கணவன் மனைவி உறவைத் தவிர்க்க வேண்டும். உள்ளே மருந்து வைத்தலும், நீரால் உட்புறத்தைக் கழுவுதலும் கூடாது. இவை மாதிரியின் தெளிவைக் கெடுக்கும். குறித்த நாளில் விலக்கு வந்துவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி வேறு நாள் பெறலாம்.

என்ன கொண்டு போக வேண்டும்? அடையாள அட்டை, முன்னர் பெற்ற கிளினிக் புத்தகங்கள், வழக்கமாக உட்கொள்ளும் மருந்தின் சீட்டு ஆகியன. மருந்தின் பெயர் தெரியாவிட்டால் வில்லைகளின் உறையையே எடுத்துச் செல்லலாம்.

யார் பார்ப்பார்கள்? சுகாதார வைத்திய அதிகாரியோ, பயிற்சி பெற்ற தாதிய சகோதரியோ பார்ப்பார். திரை மறைவில்தான் சோதனை நடைபெறும். ஆண் மருத்துவர் பார்க்கும் இடத்தில் பெண் ஊழியர் ஒருவர் உடனிருத்தல் முறை. அவ்வாறு ஒருவர் இல்லையெனில், இருக்கச் செய்யும்படி கேட்கும் உரிமை சோதனைக்கு வந்த பெண்ணுக்கு உண்டு. என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலிற் கேட்டறிவதும், மனம் ஒப்பாவிடின் 'இன்று வேண்டாம்' என்று சொல்வதும் அவள் உரிமையே.

வலிக்குமா? சிறிது அசௌகரியம் இருக்கும். உடலைத் தளர்த்தி மூச்சை மெல்ல விட்டால் அதுவும் குறையும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை. 'போனால் கருப்பையை எடுத்துவிடுவார்கள்' என்று சில லயங்களில் பேசிக்கொள்வது வெறும் வதந்தி. எடுக்கப்படுவது கருப்பையன்று, அதன் கழுத்திலிருந்து மெல்ல வழித்தெடுக்கும் சில கலங்கள் மட்டுமே.

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவளுக்கு இது வேண்டுமா? வேண்டும். கருக்குழாயைக் கட்டியதனால் கருப்பைக் கழுத்து மாறிவிடுவதில்லை. மாதவிலக்கு நின்றவளுக்கும் வேண்டும். கருவுற்றிருப்பவள் அதனை முன்னரே தெரிவித்தல் அவசியம். அவளுக்குப் பொதுவாகப் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர் சோதனை வைக்கப்படும்.

முடிவு எப்போது வரும்? மாதிரி ஆய்வுகூடத்துக்குச் சென்று திரும்பச் சில வாரங்களாகலாம். முடிவைக் கேட்டுப் பெறுவது சோதனையைச் செய்துகொள்வதைப் போலவே முக்கியமானது. 'மாற்றம் உண்டு' என்று முடிவு வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்பது பொருளன்று. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதே பொருள். அத்தகையவர் பெரிய வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்பப்படுவார். அங்கே கருவி கொண்டு பெரிதாக்கிப் பார்த்து, வேண்டுமாயின் மாறிய பகுதியை மட்டும் நீக்குவர். பெரும்பாலாருக்கு அத்துடன் ஆபத்து நீங்கும்.

இரகசியம் காக்கப்படுமா? இதுவே கேள்விகளுள் தலையாயது. தோட்டம் சிறிய உலகம். ஒருத்தி கிளினிக்குக்குப் போனாள் என்பது மாலைக்குள் எல்லா லயங்களுக்கும் தெரிந்துவிடும். ஆனால், அங்கே அவள் சொன்னதும், அவள் உடலில் கண்டதும் அவளுக்கே உரியவை. அவள் இசைவின்றிக் கணவனுக்கோ, மாமியாருக்கோ, கங்காணிக்கோ, தோட்ட நிர்வாகத்துக்கோ சொல்லுதல் முறையன்று. பெண் மனந்திறந்து பேசுவது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

இந்த நம்பிக்கைக்கு நேரும் பெரிய இடையூறு மொழி. கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருப்பார் என்று சொல்வதற்கில்லை. தாய்க்குச் சிங்களம் சரளமாக வராது. ஆகவே, பாடசாலையில் சிங்களம் படிக்கும் பன்னிரண்டு வயது மகனை உடன் அழைத்துச் செல்கிறாள். உதவி வேண்டியே செய்கிறாள். ஆனால், அவன் முன்னிலையில் அவள் எதைச் சொல்ல முடியும்? அவள் சொல்ல வந்தது உறவின் பின் கண்ட உதிரம். மகன் வாயில் அது வயிற்று வலியாகிவிடும். வயிற்று வலிக்குரிய வில்லைகளுடன் அவள் வீடு திரும்புவாள். பிழை மகனுடையதன்று, தாயினுடையதுமன்று. பிள்ளையைத் தாயின் அந்தரங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக்கும் நிலைமையே பிழை. 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. சட்டத்தில் எழுதியது சோதனை அறையின் திரைக்குள்ளும் வந்து சேர்தல் வேண்டும். அதுவரையில், தமிழ் அறிந்த பெண் ஊழியர் ஒருவரைக் கேட்டுப் பெறுவதும், அவர் இல்லாத இடத்தில் நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துச் செல்வதும் தக்கது. பாடசாலை நாளில் பிள்ளையை நிறுத்தி அழைத்துச் செல்வது இரு வழியிலும் நட்டம்.

இன்னொரு தடை கூலி. பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கும். குளிர்ந்த வேளையிலேதான் பால் நன்றாக ஓடும். கிளினிக்கும் காலையிலேயே நடைபெறும். மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேர் விழுவது நிச்சயமில்லை. இவ்வாறு ஏற்கெனவே நாட்களை இழந்தவள், வெயில் அடிக்கும் நல்ல நாளொன்றைக் கிளினிக்குக்குக் கொடுக்கத் தயங்குவது இயல்பே. இதனை அறியாமை என்று கடிந்துகொள்வது சுலபம். அவள் கணக்கில் அது அரிசியும் மாவும் ஆகும். ஆகவே, தோட்ட நிர்வாகமும் சுகாதார அலுவலகமும் கலந்து நாளைக் குறிப்பதும், கிளினிக்குக்குப் போகும் பெண்ணின் பேரை வெட்டாதிருப்பதும் பெரிய தருமமன்று, நல்ல நிர்வாகம். கணவன் அன்று ஒரு வேளை உலை வைப்பதும் அவ்வாறே.

நம் கதையிலே வரும் தாயிடம் மூத்த மகள் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்திருக்கிறாள். பாடசாலையில் தடுப்பூசி போடுவதற்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் கடிதம் அது. எச்.பி.வி.க்கு எதிரான தடுப்பூசி 2017-ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆறாம் வகுப்பு மாணவியருக்கு அது போடப்படுகின்றது. இச்சிறு பிராயத்தில் எதற்கு என்று சில பெற்றோர் ஐயுறுகின்றனர். வைரசு உடலைத் தீண்டுமுன் போட்டாலன்றி ஊசியின் முழுப் பயன் கிட்டாது என்பதே விடை. 2020-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வகுத்த திட்டமும் இதுவே: சிறுமியருக்குப் பதினைந்து வயதுக்குள் ஊசி, பெண்களுக்கு முப்பத்தைந்திலும் நாற்பத்தைந்திலும் சோதனை, மாற்றம் கண்டோருக்குச் சிகிச்சை. மகளுக்கு ஊசி, தாய்க்குச் சோதனை என்று இரண்டும் ஒரே வீட்டுக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்வது அக்குடும்பத்தின் நற்பேறு.

அந்தத் தாய் கடிதத்தில் கையொப்பமிடுகிறாள். குறித்த நாளில் தானும் போகிறாள். ஒரு முற்பகல் கழிகிறது. மார்பைத் தானே தடவிப் பார்க்கும் முறையையும் அங்கே கற்றுக்கொள்கிறாள்: மாதம் ஒருமுறை, விலக்குத் தொடங்கி ஒரு வாரம் கழிந்தபின், விரல்களின் உட்புறத்தால் அக்குள் வரையிலும் தடவிப் பார்த்தல். வலிக்கும் கட்டியைப் போலவே வலிக்காத கட்டியையும் காட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. வலிக்கவில்லையே என்று காலங்கடத்துவதுதான் ஆபத்து. சில வாரங்கள் சென்றபின் முடிவும் வருகிறது: மாற்றம் ஒன்றுமில்லை.

"ஒன்றுமில்லையாம், மாமி" என்று அவள் சொல்கிறாள்.

மாமியார் உடனே பதில் சொல்லவில்லை. 'ஒன்றுமில்லை என்று கேட்கவா அரை நாளைக் கெடுத்தாய்?' என்று அவர் கேட்பார் என்றுதான் மருமகள் எதிர்பார்த்தாள். இரவு, பிள்ளைகள் உறங்கிய பின்னர், அடுப்படியிலே அவர் மெல்லக் கேட்கிறார்: "விலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது இரண்டு மாதமாக அவ்வப்போது படுகிறது. என்னையும் அந்த மிஸ் பார்ப்பாரா?"

நேயர்களே, இத்தகைய கேள்வியை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டிருக்கும் முதிய பெண்கள் பலர். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பின்னர் காணும் உதிரம், உறவின் பின் காணும் உதிரம், நிறம் மாறி நாற்றத்துடன் படும் வெள்ளை ஆகியவற்றுக்குக் கிளினிக்கின் அடுத்த திகதி வரையில் காத்திருக்கலாகாது. அவை எப்போதும் புற்றுநோயின் குறிகள் என்பதல்ல. எளிய காரணங்களும் இருக்கலாம். எதுவென்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மாவனல்லையில் இருப்பவர்க்கு ஆதார வைத்தியசாலை உண்டு. பிற இடங்களிலுள்ளோர் தமக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் போகலாம். மறுநாள் காலையிலேயே போக வேண்டும்.

மருமகள் அன்றிரவே அதற்கு ஆயத்தம் செய்கிறாள். மாமியாரின் அடையாள அட்டையைத் தேடி எடுக்கிறாள். அவர் உட்கொள்ளும் வில்லைகளின் உறையைச் சேலைத் தலைப்பில் முடிகிறாள். காலையில் பேர் விழாது என்பது அவளுக்குத் தெரியும். மகனை எழுப்பி, "நீ பள்ளிக்கூடம் போ, ஆத்தாவோடு நான் போகிறேன்" என்கிறாள். அரை நாட்கூலி கொடுத்து அவள் பெற்றுவந்த 'ஒன்றுமில்லை' என்னும் சொல்தான், அந்த வீட்டில் ஆறாண்டு முதிய ஒரு நாணத்தை வாய் திறக்கச் செய்தது.